வாடிய நாற்றும் வீண்பழியும்



கத்தரி நாற்று நான்கு வாடிப்போவது உலக நிகழ்ச்சிகளுள் மிகச் சிறியது. அதனைப் பற்றி ஒரு குடும்ப இதழில் பல பக்கம் எழுத வேண்டுமோ என்று வினவுவோர் இருக்கலாம். வாடிய நாற்றை முன்னிட்டு வீட்டுக்குள் பேசப்படும் சொற்களைச் செவியுற்றவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். நாற்று மடிந்தால் விதைக்குக் கொடுத்த காசு போகும், அது பெரிதன்று. ஆயின் அந்நாற்றை வளர்த்த கையின்மீது பழி விழுமாயின், அப்பழி எளிதில் அகலுவதில்லை. அதனைக் குறித்தே இம்முறை எழுத முற்படுகிறோம். பழியை அகற்றுவதற்கு மண்ணையும் நீரையும் பற்றிய சிறிதளவு அறிவு வேண்டும். ஆதலின் அவற்றைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்லப்போகிறோம்.

எளாவூரை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆந்திர எல்லையை நெருங்குமிடத்தில் அமைந்தது இவ்வூர். ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியின் ஊர் என்றால் பலருக்கும் விளங்கும். கிழக்கே பழவேற்காடு ஏரியின் உவர்நீர்ப் பரப்பு. தெற்கே கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டை. நெல்லும் வேர்க்கடலையும் சவுக்கும் பயிரிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஆலைகளில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கின்றனர். தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரும் வரிசை வீடுகளில் குடியிருக்கின்றனர். பாட்டன் ஏர் பிடித்தவன். பேரன் இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகிறவன். இடையில் ஒரு தலைமுறைக்குள் விதையைப் பற்றிய அறிவு வீட்டைவிட்டு வெளியேறிவிட்டது.

எனினும் ஆசை வெளியேறவில்லை. தக்காளி விலை ஏறும் மாதங்களில், வண்ணப்பூச்சு வந்த பழைய வாளியிலும், எண்ணெய் டின்னிலும், சிமெண்டுச் சாக்கிலும் மண் நிரப்பி விதை போடுகிற வீடுகளை நம் பங்கில் நிறையவே காண்கிறோம். குழித்தட்டும் தேங்காய் நார்த்தூளும் கடையில் வாங்கி, நாற்று வளர்த்து அக்கம்பக்கத்தாருக்கு விற்கலாம் என்று எண்ணும் பெண்களும் உளர். விதை முளைக்கிறது. பத்து நாள் மகிழ்ச்சி. அதன் பின்னர் ஒரு காலையில் நாற்றுகள் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடக்கின்றன. அப்போதுதான் அந்தச் சொல் எழுகிறது: "கைராசி இல்லை."

இச்சொல்லை விளையாட்டாகச் சொல்வோரும் உண்டு. ஆயினும் அது எல்லாரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறோம். ஆண்பிள்ளை வளர்த்த நாற்று மடிந்தால் விதை சரியில்லை என்பார்கள். நாலு பிள்ளை பெற்ற தாய் வளர்த்தது மடிந்தால் வெயில் அதிகம் என்பார்கள். கைம்பெண்ணோ, மணமாகிப் பல ஆண்டாகியும் மகப்பேறு காணாத மருமகளோ வளர்த்தது மடிந்தால் மட்டும், விதையும் வெயிலும் குற்றமற்றவையாகி, கை குற்றவாளியாகிவிடுகிறது. முன்னமே புண்பட்ட நெஞ்சைத் தேடிச் சென்று குத்துகிற சொல் இது. அதனாலேயே இது நாற்றைப் பற்றிய செய்தி மட்டுமன்று என்கிறோம்.

அத்தகைய ஒரு வீட்டைப் பற்றி, அவர்களது இசைவோடும் பெயர் சொல்லாமலும் எழுதுகிறோம். மணமாகி ஏழாண்டு கடந்த மருமகள் அவர். கணவர் வேலை பார்த்த ஆலையில் ஆட்குறைப்பு நிகழ்ந்தபோது, நாற்று விற்றுச் சிறிது பொருள் ஈட்டலாம் என்று குழித்தட்டுகள் வாங்கினார். முதல் முறை போட்டது முழுவதும் மடிந்தது. கைப்பேசியில் ஒரு காணொளியைக் கண்டு, மண்ணில் அமிலம் மிகுந்துவிட்டது என்று முடிவு செய்து, சுண்ணாம்புத் தூளைக் கலந்து மறுபடியும் போட்டார். அதுவும் மடிந்தது. மாமியார் நம்மிடம் வந்து, "அவள் கை பட்டால் எதுவும் துளிர்க்காது, சாமி. நீங்களே சொல்லி நிறுத்துங்கள்" என்றார். மருமகள் சற்றுத் தள்ளி நின்று தலை குனிந்திருந்தார். மாமியார் கொடுமைக்காரர் அல்லர். வீட்டில் காசு கரைவதைக் கண்டு அஞ்சியவர். ஆயினும் அச்சொல் நாற்றோடு நின்றுவிடவில்லை என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரிந்தே இருந்தது.

குருத்துவக் கல்லூரியில் நாம் தத்துவ இயல் பயின்ற காலத்தில், காரணத்தையும் உடன்நிகழ்வையும் ஒன்றெனக் கருதலாகாது என்று முதலிலேயே கற்பிப்பார்கள். ஒருவர் தொட்ட பின்னர் ஒன்று அழிந்தது என்பதனால், தொட்டதால் அழிந்தது என்று ஆகிவிடாது. அவ்வாறு சொல்வது மூடநம்பிக்கை என்று கண்டித்து அனுப்பிவிடலாம். ஆயின் வெறும் கண்டனம் யாருடைய மனத்தையும் மாற்றாது. நாற்று ஏன் மடிந்தது என்னும் உண்மைக் காரணத்தைக் கண்டு காட்டினால்தான் பொய்க் காரணம் இடத்தை விட்டு அகலும். ஆகவே அவ்விருவரிடமும் தட்டையும் மண்ணையும் கொண்டுவரச் சொன்னோம்.

முதலில் அமிலம் என்னும் செய்தியை எடுத்துக்கொள்வோம். மண் புளிப்புத் தன்மை உடையதா, உவர்ப்புத் தன்மை உடையதா என்பதை அளக்க 'பி.எச்.' என்னும் அளவுகோல் பயன்படுகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்னும் அறிஞர் 1909-இல் இதனை வகுத்தார். ஏழு என்பது நடுநிலை. ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியது என்று பொருள். இரண்டு எண் குறைந்தால் நூறு மடங்கு. காய்கறிப் பயிர்களுள் பெரும்பாலானவை ஆறுக்கும் ஏழரைக்கும் இடைப்பட்ட மண்ணில் நன்கு வளரும்.

தமிழகத்தில் அமில மண் இல்லாமல் இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உண்டு. மிகுந்த மழை பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மலைமண்ணிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விட்டது. தேயிலை அத்தகைய மண்ணையே விரும்புகிறது. நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட பி.எச். அதற்கு உகந்தது. மலைவாழிடங்களுக்குச் சென்றவர்கள் ஹைட்ராஞ்சியா என்னும் பூச்செடி நீல நிறத்தில் பெரிய கொத்தாகப் பூத்திருக்கக் கண்டிருப்பார்கள். அதே செடி கார மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். அமில மண்ணில் கரைகிற அலுமினியத்தைச் செடி உறிஞ்சுவதால் நீலம் உண்டாகிறது. அத்தகைய மலைமண்ணில் காய்கறி பயிரிடுவோர் சுண்ணாம்பு இடுவது முறையே.

எளாவூர் மலைமேல் இல்லை. கடலோரச் சமவெளியில் இருக்கிறது. இப்பகுதியின் செம்மணல் நிலமும் கடலோர மணலும் நீலகிரி மண்ணைப் போன்றவை அல்ல. உவர்நீர் ஏரியை ஒட்டிய பகுதிகளில் கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் வரும் நீர் பல இடங்களில் கடினமானது அல்லது உப்புக் கரிப்பது. அந்நீரைத் தொட்டிக்கு நாள்தோறும் ஊற்றினால், நீர் ஆவியாகி உப்பும் சுண்ணாம்பும் மண்ணில் தங்கும். தொட்டியின் விளிம்பில் வெண்மையாகப் படிந்து நிற்பது அதுவே. நாளடைவில் அம்மண் அமிலத்தை நோக்கியன்று, காரத்தை நோக்கியே செல்லும். இங்கே சுண்ணாம்பைக் கலப்பது, காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கம்பளி போர்த்துவதற்கு ஒப்பாகும். கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது. புதிய இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளுத்துப்போகும்.

அப்படியாயின் காணொளியில் வந்தவர் பொய்யுரைத்தாரா? இல்லை. அவர் தம் நாட்டுக்கு உரியதைச் சொன்னார். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நாற்று வளர்ப்போர் வெறும் மண்ணைப் பயன்படுத்துவது குறைவு. குளிர்ந்த சதுப்பு நிலங்களில் பாசி பல நூற்றாண்டுகளாகப் படிந்து உண்டான 'பீட்' என்னும் பொருளே அங்கு நாற்றுக் கலவைக்கு அடிப்படை. அதன் பி.எச். ஏறத்தாழ மூன்றரையிலிருந்து நாலரை வரை இருக்கும். அத்துணை அமிலமுள்ள பொருளில் சுண்ணாம்பு கலவாமல் எந்த நாற்றும் தேறாது. நம்மவர் பயன்படுத்தும் தேங்காய் நார்த்தூளோ ஐந்தரை, ஆறு, ஆறரை என்று சற்றே அமிலச் சாயலுடையது. நாற்றுக்கு ஏறக்குறைய ஏற்றது. அறிவுரை கடல் கடந்து வந்தது. அதற்குரிய மண் உடன் வரவில்லை. அம்மருமகள் கொணர்ந்த சுண்ணாம்பு கலந்த மண்ணைச் சோதனைத் தாளால் பார்த்தபோது, தாள் எட்டை ஒட்டிய நிறம் காட்டியது. அங்கே அமிலமே இல்லை.

இவ்விடத்தில் ஒரு தடுமாற்றத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "மண் புளித்த வாடை அடிக்கிறதே, அது அமிலமன்றோ?" என்று பலரும் கேட்கிறார்கள். அன்று. பி.எச். எண்ணை மூக்கால் அறிய இயலாது. மண்ணிலிருந்து புளித்த வாடையோ அழுகல் வாடையோ வருமாயின், அங்கே காற்று நுழையவில்லை, காற்றில்லா இடத்தில் பொருள் அழுகுகிறது என்பதே அதன் பொருள். காற்று நுழையாமைக்குக் காரணம் அளவுக்கு மிஞ்சிய நீர். ஆக, அமிலம் என்று நாம் பெயரிடுவது பெரும்பாலும் நீரின் குற்றமே. அம்மருமகளின் தட்டில் இருந்ததும் அவ்வாடையே.

செடியின் வேரும் மூச்சு விடுகிறது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. நல்ல மண்ணில் மணலுக்கு இடையே சிறு சிறு இடைவெளிகள் உண்டு. அவற்றுள் ஒரு பகுதியில் நீரும் ஒரு பகுதியில் காற்றும் இருக்க வேண்டும். எல்லா இடைவெளிகளிலும் நீரே நிறைந்துவிட்டால், உயிர்வளி நீரினூடே வேரை அடைய வேண்டும். காற்றினூடே செல்வதைக் காட்டிலும் நீரினூடே அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே செல்லும். வேர் மூச்சுத் திணறுகிறது. மூச்சுத் திணறிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே நீரின் நடுவிலேயே இலை வாடுகிறது! வாடிய இலையைக் கண்டவர் தாகமென்று எண்ணி மேலும் நீரூற்றுகிறார். மூழ்குகிறவனுக்குத் தண்ணீர் புகட்டும் அன்பு அது.

இத்துடன் நோயும் சேர்கிறது. 'நாற்றழுகல்' என்று வேளாண் துறையினர் அழைக்கும் நோய்க்குப் பித்தியம் முதலிய நுண்ணுயிரிகள் காரணம். பித்தியத்தின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லும் ஆற்றல் வாய்ந்தவை. மண் நீரில் ஊறியிருந்தால் அவற்றுக்கு அது நெடுஞ்சாலை. மண்ணை ஒட்டிய தண்டுப் பகுதி பழுப்பாகி, நூல்போல் மெலிந்து, நாற்று சாய்கிறது. நேற்று மாலை நிமிர்ந்து நின்றது இன்று காலை விழுந்து கிடப்பதால்தான், 'கண் பட்டது', 'கை பட்டது' என்னும் பேச்சுக்கு இடம் உண்டாகிறது. உண்மையில் அந்நோய் பல நாளாகக் கீழே வேலை செய்துகொண்டிருந்தது.

அவ்வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை நீர் ஊற்றினீர்கள் என்று வினவினோம். காலையில் மருமகள், நண்பகலில் வெயிலைக் கண்டு இரங்கி மாமியார், மாலையில் வேலை தேடித் திரிந்து திரும்பிய கணவர். மூவரும் தத்தம் அன்பை ஊற்றியிருக்கிறார்கள். ஒருவர் ஊற்றியதை மற்றவர் அறியார். தட்டின் அடியிலிருந்த துளைகளோ நேராகச் சிமெண்டுத் தரையில் பொருந்தி அடைபட்டிருந்தன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை எல்லாரும் சொல்கிறோம். நீர்க்குடத்தைக் கையில் எடுக்கும்போது மறந்துவிடுகிறோம்.

அப்போது இருவருக்கும் ஓர் ஏற்பாட்டைச் சொன்னோம். தொண்ணூற்றெட்டுக் குழி கொண்ட தட்டு ஒன்றை இரண்டாக வெட்டச் செய்தோம். ஒரே பொட்டலத்துத் தக்காளி விதை, ஒரே நார்த்தூள், ஒரே இடம். இரண்டு பாதியிலும் மருமகளே தம் கையால் விதைக்க வேண்டும். ஒரு பாதிக்கு முன்போலவே நாளுக்கு மும்முறை நீர். மறுபாதியை இரண்டு செங்கற்களின்மேல் உயர்த்தி வைத்து, விரலால் தொட்டுப் பார்த்து வேண்டுமாயின் மட்டும் நீர். மாமியார் சாட்சி. கையில் ராசி இல்லையென்றால் இரண்டு பாதியும் மடிய வேண்டும் அல்லவா? ஒரே கை இரண்டு விதமான விளைவைத் தர இயலாது.

இரண்டு பாதியிலும் விதை ஒன்றுபோலவே முளைத்தது. இரண்டாம் வாரத்தில் மும்முறை நீருண்ட பாதியின் மேற்பரப்பில் பச்சைப் பாசி படர்ந்தது. கொசுவைப் போன்ற சிறு ஈக்கள் மொய்த்தன. பின்னர் நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. செங்கல்மேல் இருந்த பாதியில் சிலவே பழுதாயின; ஏனையவை தண்டு தடித்து நின்றன. இருபத்தைந்து நாள் ஆனதும் அவற்றை மாமியாரே பெயர்த்து, தெருவிலிருந்த மூன்று வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். "என் மருமகள் வளர்த்தது" என்று சொல்லிக் கொடுத்தார் என்பதைப் பின்னர் அவ்வீட்டார் வாயிலாக அறிந்தோம்.

நிற்க. இனி, புதிதாக நாற்று வளர்ப்போர் கைக்கொள்ள வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறோம். நாற்று வாடினால் உடனே எதனையும் ஊற்றாதீர்கள், எதனையும் இடாதீர்கள். முதலில் விரல் நுனியை மண்ணுக்குள் ஓர் அங்குலம் செலுத்திப் பாருங்கள். ஈரமாயிருந்தால் வாட்டத்துக்குத் தாகம் காரணமன்று. அடுத்து, தட்டைத் தூக்கிப் பாருங்கள். நீர் தேவைப்படும் தட்டு கைக்கு இலேசாக இருக்கும். பின்னர் முகர்ந்து பாருங்கள். அடியிலுள்ள துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இலையைப் படியுங்கள்: அடியிலைகள் மஞ்சளாகித் தண்டின் அடி மெலிந்தால் நீர் மிகுதியை ஐயுறுங்கள், நுனியிலைகள் நரம்பு பச்சையாக வெளுத்தால் கார மண்ணை ஐயுறுங்கள், இலையின் ஓரம் கருகி, மண்மேல் வெண்மை படிந்தால் உப்பை ஐயுறுங்கள்.

நீர் மிகுதி என்று கண்டால், மருந்து ஏதும் வேண்டா, நிறுத்துவதே மருந்து. அழுகியவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றிவிட்டு, காற்றோட்டமும் இளவெயிலும் உள்ள இடத்தில் தட்டை உயர்த்தி வையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை நீர் என்னும் கேள்விக்கு விடையில்லை. சித்திரை வெயிலில் சிறு குழித்தட்டுக்கு இருமுறை தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் இரண்டு நாள் தேவையில்லாமலும் போகலாம். நாட்காட்டியைக் கேளாமல் மண்ணைக் கேட்க வேண்டும். ஊற்றுவதைக் காலையில், பூவாளியால், இலேசாக ஊற்றுங்கள். வீட்டில் நீரூற்றும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். அது நடப்பதில்லை. மண்ணிலுள்ள நுண்ணிய இடைவெளி நீரைப் பிடித்துக்கொள்ளும். அதனடியில் பெரிய கல் இருந்தால், மேலுள்ள மண் முழுவதும் ஊறி நிறையும்வரை நீர் கல்லுக்குள் இறங்காது. ஊறிய பகுதி வேருக்கு அருகில் உயர்ந்து வருவதே மிச்சம். துளையின்மேல் ஓர் ஓட்டுத்துண்டு போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்று கலந்தால் வடிகால் தானே அமையும். ஈரச் சாணத்தை இடாதீர்கள். தரையில் பாத்தி அமைப்போர் மழைக் காலத்தில் அதனைப் பதினைந்து சென்டிமீட்டராவது உயர்த்தி அமைக்க வேண்டும்.

நார்த்தூளை வாங்கியவுடன் நிரப்புவது தவறு. அதில் உப்பு தங்கியிருக்கக்கூடும்; நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் பொருள். மேலே காய்ந்தது போல் தோன்றினும் உள்ளே ஈரமாயிருக்கும். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு துளி சொட்ட வேண்டும், ஒழுகினால் மிகுதி. விதையை நேர்த்தி செய்ய, கிலோ ஒன்றுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது வேளாண் பல்கலைக்கழகத்தாரின் பரிந்துரை. வீட்டளவில் சிறு பொட்டல விதைக்கு ஒரு சிட்டிகை போதும். 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, 1971-இல் பல்கலைக்கழகமாகிய அந்நிறுவனத்தின் கிளைகள் நம் மாவட்டத்திலும் உள்ளன. திரூரிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அவற்றைச் சார்ந்தவையே.

இவையெல்லாம் சரியாயிருந்தும் நாற்று தேறவில்லையெனில், அப்போது மண்ணின் பி.எச். எண்ணைப் பாருங்கள். காய்ந்த மண்ணின்மேல் எலுமிச்சைச் சாற்றில் சில துளி விட்டு, நுரைக்கிறதா என்று கவனியுங்கள். நுரைத்தால் அம்மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே உண்டு, இன்னும் இடலாகாது. நுரைக்கவில்லை என்பதனால் அமிலம் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, பி.எச். தாளைத் தோய்த்து நிறத்தை ஒப்பிட்டால் ஓரளவு தெரியும்.

நிலம் உடையவர்கள் தாளோடு நின்றுவிடாமல் ஆய்வுக்கூடத்துக்கே மண்ணை அனுப்ப வேண்டும். நிலத்தில் பல இடங்களில் 'வி' வடிவில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவு கொடுப்பது முறை. 2015-இல் நடுவணரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பி.எச்., உப்பின் அளவு, கரிமச் சத்து உட்படப் பன்னிரண்டு கூறுகள் குறிக்கப்படுகின்றன. ஐந்தரைக்கும் கீழே என்று அறிக்கை சொன்னால், அதில் குறித்த அளவுக்குச் சுண்ணாம்பையோ டோலமைட்டையோ விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னரே இட்டுக் கலக்கலாம். எட்டுக்கு மேல் என்றால், தொட்டி மண்ணாயின் மாற்றிவிடுவதே எளிது. மாற்ற இயலாதபோது மக்கிய எருவைக் கூட்டி, மழைநீரைச் சேமித்து ஊற்றி, வளர்ந்த செடிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளிக்கலாம்.

இவ்வளவையும் படித்த பின்னர், "இது உழவர்க்கு உரிய பாடம்; குடும்ப வாழ்வுக்கு என்ன?" என்று யாரேனும் கேட்பின், ஒன்றே சொல்வோம். வீட்டில் ஏதேனும் கெட்டுப்போகும்போது, காரணத்தைத் தேடுவது கடினமாகவும் ஆளைத் தேடுவது எளிதாகவும் இருக்கிறது. பால் திரிந்தாலும், தொழில் நொடித்தாலும், பிள்ளை தேர்வில் தவறினாலும், அண்மையில் வீட்டுக்குள் வந்தவரையோ, எதிர்த்துப் பேச இயலாதவரையோ நோக்கி விரல் நீள்கிறது. அவ்விரலைக் கொஞ்சம் தாழ்த்தி மண்ணில் வைத்திருந்தால் ஈரம் தெரிந்திருக்கும். அன்பு குறைந்து மடிந்த நாற்றைக் காட்டிலும், அளந்து பாராத அன்பினால் மடிந்த நாற்றே நாம் கண்ட வீடுகளில் மிகுதி. அதனை அறிந்துகொண்டால் யாரையும் பழிக்கத் தேவையில்லை; நீரை மட்டும் குறைத்தால் போதும்.

ஆடிப்பட்டம் வருமுன் தட்டுகளைக் கழுவி வெயிலில் உலர்த்தி வையுங்கள். அடித்துளை அடைபட்டிருந்தால் ஆணியால் குத்தித் திறந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் யாருடைய கை ராசியில்லாத கை என்று இதுவரை ஒதுக்கி வைத்தீர்களோ, இம்முறை விதைப் பொட்டலத்தை முதலில் அவரிடமே கொடுங்கள்.